புட்டிப்பால் காளை

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். "சின்னவன் இன்னும் சாப்பிடல", "சின்னவனுக்கு நேத்துலேர்ந்து சளி" என்று என் மாமியார் பேசுவதைக் கேட்டு, என் கணவருக்கு ஒரு தம்பி இருக்கிறான் போலிருக்கிறது, வேலைக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் அவனுக்குப் பொருத்தமாக ஒரு பெண் இருப்பதாகக்கூடச் சொன்னார். அப்புறம் கொட்டகைப் பக்கம் அழைத்துப்போய்க் காட்டுவோம். ஒரு டன் எடையில், கொம்பில்லாத தலையோடு, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் சின்னவன் நிற்கும். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அந்தச் சின்னவன்தான் என் மாமனாரைக் கொன்றது.

"கொன்றது" என்றுதான் சொல்வேன். "கொன்றான்" என்று என் வாயில் வராது. என் அப்பா கறிக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்டிப்பு உண்டு. கடைக்கு வரும் மாட்டை அவன், அவள் என்று சொல்லக் கூடாது. "அதுன்னு சொல்லு. அவன்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் கத்தியைத் தூக்க முடியாது" என்பார் அப்பா. கல்யாணமாகி இங்கே வந்தபோது எல்லா மாடும் அவனும் அவளுமாக இருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வளர்ப்பதென்னவோ கறிக்கு. கொஞ்சுவது மட்டும் பெற்ற பிள்ளையைப் போல.

கறிக்கென்றே உருவான ஜாதி அது. கருஞ்சிவப்பு நிறம், குட்டைக் கால், பாய் விரித்துப் படுக்கலாம் போன்ற முதுகு. பால் தன் கன்றுக்குப் போதுமான அளவுதான் சுரக்கும். சுற்றுவட்டாரம் முழுக்கப் பால்மாடு வைத்திருந்தபோது மாமனார்தான் இதைக் கொண்டுவந்தார். பண்ணை நிறைய மாட்டை வைத்துக்கொண்டு காபிக்குக் கடையில் பால் வாங்குகிறார் என்று கேலி பேசினார்களாம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொம்பு கிடையாது, சாதுவான ஜாதி, குழந்தைகூடப் பிடித்துக் கட்டலாம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

பால்மாட்டை மடியைப் பார்த்து வாங்குவார்கள். இந்த மாட்டைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும். முதுகுக்கோடு நேராக ஓடுகிறதா, இடுப்பில் சதை திரண்டிருக்கிறதா, பின்தொடை எவ்வளவு கீழே இறங்குகிறது, எல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். மாமனார் எந்த மாட்டையும் முகத்துக்கு நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, பக்கவாட்டைத்தான் பார்ப்பார். என்னையும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தார் என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் வந்த வருடம், அடைமழையில், ஒரு பசு இரட்டைக் கன்று போட்டது. இரண்டும் காளைக்கன்று. முதல் கன்றை நக்கித் துடைத்தது. இரண்டாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை, கிட்டே போனால் உதைத்தது. நனைந்து நடுங்கிக் கிடந்ததைத் துண்டில் சுற்றி மாமியார் சமையலறைக்குத் தூக்கிவந்துவிட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, பால் பவுடரைக் கரைத்து, சிவப்பு ரப்பர் காம்பு போட்ட புட்டியில் ஊட்டினார். புட்டி காலியானதும் இன்னும் வேண்டும் என்று அது அவர் வயிற்றில் முட்டும். "பாரு, பசி வந்தா எப்படி அதட்டுறான்!" என்று அவர் பூரித்துப்போவார். பெரியவன் என்று என் கணவரையும் சின்னவன் என்று இதையும் அவர் கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

மாமனாரும் சும்மா இருக்கவில்லை. உள்ளங்கையை அதன் நெற்றியில் வைத்துத் தள்ளுவார். கன்று பதிலுக்குத் தள்ளும். அவர் வேண்டுமென்றே தோற்று, "ஐயோ, அடிச்சுட்டான்டா" என்று தரையில் சாய்வார். என் கணவர் செல்போனில் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. எங்கள் எல்லோருடைய சிரிப்பும் அதில் கேட்கிறது.

புட்டிப்பால் குடித்த கன்றைக் காளையாக விடக் கூடாது, காயடித்துவிட வேண்டும் என்று மாடு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. மற்றக் கன்றுகளுக்குக் காயடித்த அன்று மாமியார் கேட்டுக்குக் குறுக்கே நின்றார். "சின்னவன் மேல கை வச்சீங்க, இந்த வீட்டுல இனி அடுப்பு எரியாது." மாமனார் இடுக்கியும் கையுமாக நின்று கன்றைப் பக்கவாட்டில் பார்த்தார். அப்படியொரு முதுகு அந்த மந்தையில் அதற்கு முன்னால் விழுந்ததில்லை. இடுக்கியைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே மாட்டினார். பொண்டாட்டிக்குப் பயந்து விட்டுவிட்டார் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். முதுகுக்கு ஆசைப்பட்டு விட்டார் என்று நான் நினைக்கிறேன்.

வளர்ந்தபின் அதற்கு ஒரு பழக்கம் வந்தது. ஆள் கிட்டே போனால் பக்கவாட்டில் திரும்பும். முதுகை வளைத்து உயர்த்தி, தலையைத் தாழ்த்தி, ஆடாமல் அசையாமல் நிற்கும். "போஸ் குடுக்கிறான் பாரு, தன் அழகு தனக்கே தெரியுது" என்பார் மாமனார். அப்படி நின்றபோது எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

அன்று காலை நான் மாடு நக்குகிற உப்புக்கட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கேட் திறந்திருந்தது. காளை பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது. மாமனார் அதற்கு எதிரே, வேலியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்ததால் வழக்கம்போல மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவர் முதுகுக்குப் பின்னால் கம்பிகள் வெளிப்பக்கம் வளைந்திருப்பதைப் பார்த்தேன். நெஞ்சு உள்ளே போயிருந்தது. கொம்பில்லாத மாடு. நெற்றியை வைத்து அழுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

கம்பிக்கு அடியில் கையை விட்டு, அவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். உயிர் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "கேட்டைச் சாத்து" என்றார். மூச்சு வாங்க முடியாமல் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, "அவ வந்துடுவா" என்றார். இரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் பட்ட பாட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓடிப்போய்ச் சாத்திவிட்டு வந்தேன். அதற்குள் போய்விட்டார்.

வீட்டில் கேட்டார்கள். நான் போய்ப் பார்ப்பதற்கு முன்பே உயிர் போய்விட்டது, நொடியில் முடிந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மாமியார் ஒரு பேச்சை ஆரம்பித்தார். "அவர் அடிச்சிருப்பார். கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது அவருக்கு. வாயில்லா ஜீவன், எத்தனை அடிதான் வாங்கும்?" வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்து வந்தவர்களிடமும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மாமனார் கோபக்காரர்தான். ஆனால் வெந்நீர் வைக்க நேரமாகிவிட்டது என்று கத்துகிற கோபம். மாட்டை அடித்து நான் பார்த்ததில்லை. செத்துப்போன மனிதர் எழுந்துவந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாமா?

அந்த வாரமே சினைப் பசு ஒன்றைப் பார்க்க மாட்டு டாக்டர் வந்தார். வேலை முடிந்து கூடத்துக்கு வந்து கை கழுவும்போது என் கணவர் கேட்டார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணுச்சு? சாதுவான ஜாதியாச்சே?"

"ஜாதி சாதுதான்" என்றார் டாக்டர். "இது புட்டிப்பால் குடிச்சு வளர்ந்ததுன்னு சொன்னீங்கல்ல? மந்தையில வளர்ற கன்னுக்கு மனுஷன்னா ஒரு பயம் இருக்கும், ஒதுங்கிப் போகும். புட்டிப்பால்ல வளர்ந்ததுக்கு மனுஷன் வேற, மாடு வேறன்னு தெரியாது. அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க எல்லாரும் மாடு. வயசுக்கு வந்த காளை இன்னொரு காளையோட மோதித்தான் பாக்கும். உங்கப்பாவை அது காளைன்னு நினைச்சு முட்டியிருக்கு."

அப்போதுதான் அவர் கண் கூடத்துச் சுவரில் இருந்த படத்தின் மேல் போனது. கொஞ்ச நேரம் பார்த்தார். "இது போஸ் இல்லைங்க" என்றார். "இப்படிப் பக்கவாட்டுல திரும்பி முதுகைத் தூக்கிக் காட்டுச்சுன்னா, என் உடம்பைப் பாத்துக்கோ, கிட்ட வந்தே தொலைஞ்சேன்னு அர்த்தம்."

பக்கவாட்டில் நின்றால் இன்னும் கிட்டே போய், தலையைச் சாய்த்துப் பார்க்கிற மனிதர் என் மாமனார்.

டாக்டர் போனதும் என் கணவர் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். "அம்மாகிட்ட இதைச் சொல்லாதே" என்றார்.

"எதை?"

"புட்டிப்பால் விஷயத்தை. அவங்க கையால ஊட்டினதுதான் அப்பாவைக் கொன்னுதுன்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க."

"அப்போ மாட்டை அனுப்புங்க."

"அம்மா சொல்லட்டும்."

என் கணவர் நல்லவர். ஆனால் முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவார். அம்மாவோ சொல்வதாக இல்லை. முன்னைவிட அதிகமாகக் கொட்டகையிலேயே கிடந்தார். அந்தப் பழைய சிவப்புக் காம்புப் புட்டியைத் தேடி எடுத்து, பால் பவுடரைக் கரைத்து, ஒரு டன் எடையுள்ள காளைக்கு ஊட்டினார். "அவரும் போயிட்டார், எனக்குன்னு வேற யார் இருக்கா?" என்று அதனிடம் சொல்வது எனக்குக் கேட்டது. பெரியவனும் மருமகளும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

நான் கேட்டில் பூட்டுப் போட்டேன். அவர் மாற்றுச் சாவி வைத்திருந்தார். நான் புட்டியை ஒளித்து வைத்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். ராத்திரி படுத்தால் வளைந்த கம்பிதான் கண்ணில் நின்றது. அடுத்து அதே இடத்தில் இவரைத்தான் பார்ப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. மாமனார் கடைசியாக என்னிடம் சொன்னது, இவர் வருவதற்குள் கேட்டைச் சாத்து என்றுதான். அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மேல்தட்டிலிருந்த டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கியவர் பாதியில் அப்படியே நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. நான் போய் ரவிக்கைக் கையை விலக்கிப் பார்த்தேன். தோளிலிருந்து விலா வரைக்கும் கன்றிக் கறுத்திருந்தது.

"என்ன அத்தை இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்தக் கதவு? ஒரு டன் எடையில நம்ம வீட்டுல ஒரு கதவுதான் இருக்கு."

"விளையாட்டுக்குத் தள்ளினான். அதுக்கு என்ன இப்போ?"

"மாமாவையும் விளையாட்டுக்குத்தான் தள்ளுச்சா?"

"அவர் அடிச்சிருப்பார்னு எத்தனை தடவை சொல்றது?"

"மாடு ஓட்டுற குச்சி அன்னிக்கு ஆணியில தொங்கிச்சு அத்தை. நான் பாத்தேன். மாமா வெறுங்கையோட போயிருக்கார்."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கறிக்கடைக்காரர் பொண்ணுக்கு மாட்டைப் பாத்தா வேற என்ன தோணும்? எப்படா வெட்டுவோம்னுதான் தோணும்."

அதோடு என் வாய்க்குப் பூட்டு இல்லாமல் போயிற்று. டாக்டர் சொன்னது அத்தனையும் கொட்டிவிட்டேன். புட்டியைச் சொன்னேன், காயடிக்க விடாமல் குறுக்கே நின்றதைச் சொன்னேன், போஸைச் சொன்னேன். "அடிச்சதால முட்டல அத்தை. நீங்க ஊட்டினதால முட்டுச்சு. இனி ஒரு தடவை அவர் மேல பழி போட்டீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்." கடைசி வார்த்தை வெளியே வரும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்?

அவர் அழுவார், கத்துவார், என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டப்பாவை மெல்லக் கீழே இறக்கி வைத்தார். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. என் கணவர் விஷயம் தெரிந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு நாலு அடி அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை மாமியார் குளித்து, தலை வாரி, கூடத்துக்கு வந்தார். "பெரியவனே, லாரியைக் கூப்பிடு" என்றார்.

லாரிக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். ஏற்றுகிற சாய்பலகையைக் கேட்டுக்கு நேராக இறக்கினார்கள். காளை பக்கவாட்டில் திரும்பி முதுகைத் தூக்கியது. இந்தத் தடவை யாரும் அதை அழகு என்று சொல்லவில்லை. கயிறு வீசினார்கள், தகரத்தைத் தட்டினார்கள். அது தகரத்தோடு ஒருவரைத் தூக்கி எறிந்தது. நல்லவேளை, அவர் வேலிக்கு வெளியே விழுந்தார்.

"இது ஆகுற கதை இல்லை" என்றார் லாரிக்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஆள் வச்சு இங்கேயே சுட்டுடுங்க. ஆனா கறி உதவாது, சொல்லிட்டேன். புதைக்கத்தான் வேணும்."

"எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

மாமியார் புட்டியோடு நின்றார். பால் சூடாக இருந்தது, கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. என் கணவர் "அம்மா, வேண்டாம்மா" என்று முன்னால் போனார். மாமியார் மகனை இடது கையால் ஒதுக்கிவிட்டுக் கேட்டுக்குள் போனார். வழக்கமாகக் கூப்பிடுகிற பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. புட்டியை மட்டும் குலுக்கினார். காளையின் முதுகு இறங்கியது. தலையை நீட்டிக்கொண்டு, சமையலறையில் அவர் பின்னால் சுற்றிய கன்றைப் போலவே அவர் பின்னால் நடந்தது. அவர் சாய்பலகையில் ஏறினார். அதுவும் ஏறியது. பலகை முனகியது.

லாரியின் முன்பக்கம் ஆள் இறங்குவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. நான் ஓடிப்போய் அதைத் திறந்து பிடித்துக்கொண்டேன். பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மாமியார் வரவில்லை.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் முதுகு லாரியின் முன்தட்டில் ஒட்டியிருந்தது. காளை கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிவிட்டு, இன்னும் வேண்டும் என்று அவர் வயிற்றில் நெற்றியை வைத்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளியே வரக் கூடாது என்று தீர்மானித்துத்தான் ஏறியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"அத்தை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அத்தை, வாங்க. எனக்காக வாங்க."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உள்ளங்கையைக் காளையின் நெற்றியில் வைத்தார். தள்ளவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்து, என் கைக்கு எட்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இழுத்து இறக்கிக் கதவைச் சாத்தினேன். உடனே உள்ளேயிருந்து ஒரு முட்டு விழுந்து லாரியே ஆடியது.

லாரி புறப்பட்டுப் போயிற்று. என் கணவர் அடிபட்ட ஆளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்கு முன்னால் நின்றோம். மாமியார் கையில் காலிப் புட்டி இருந்தது.

"அப்படி உயிர் போனா ரொம்ப வலிக்குமா?" என்றார்.

கறிக்கடைக்காரர் மகளிடம் எல்லோரும் என்றைக்காவது கேட்கிற கேள்விதான். எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். "இல்ல அத்தை. நெத்தியில ஒண்ணு வைப்பாங்க. நின்ன இடத்துல விழுந்துடும். ஒண்ணும் தெரியாது."

"அதைப் பத்தி யார் கேட்டா?" என்றார் மாமியார். "நான் அவரைக் கேக்குறேன்."

அவர் வாயிலிருந்து "அது" என்று வந்தது அன்றுதான் முதல் தடவை. நொடியில் போய்விட்டார் என்ற பழைய பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போனப்போ உயிர் இருந்துச்சு அத்தை" என்றேன். "வலி இருந்துச்சு. பேசினார்."

"என்ன பேசினார்?"

"கேட்டைச் சாத்துன்னார். நீங்க வந்துடுவீங்கன்னு சொன்னார்."

மாமியார் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். மாடு ஏற்றியபோது திறந்த கேட் அப்படியே அகலத் திறந்து கிடந்தது. புட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனார். வலிக்கிற தோளால் முடியாமல் இன்னொரு கையால் கேட்டை இழுத்துச் சாத்தினார். சங்கிலியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். உள்ளே, காலையில் அவர் வைத்த தவிடு மட்டும் தொட்டியில் அப்படியே இருந்தது.